விருப்ப எண் ஒன்று

சேர்க்கை உதவி மையம் பதினேழில் நாலாம் மேசை அவளுடையது. பழைய கல்லூரி ஒன்றின் வரைபடக் கூடத்தில் பன்னிரண்டு மேசைகள், பன்னிரண்டு கணினிகள், நடுவே கயிறு கட்டிப் பிரித்த வரிசை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு முடிவு வந்ததிலிருந்து கடைசிச் சுற்று ஒதுக்கீடு முடியும்வரை அந்தக் கூடத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. ஒப்பந்த வேலைதான். ஆனாலும் ஐந்து வருடமாக அவளை விட்டால் அந்த மேசைக்கு ஆளில்லை.

ஒரு நாளைக்கு நூறு தடவையாவது ஒரே பாட்டைப் பாடுவாள். "கல்லூரி வரிசைய நல்லா யோசிச்சுப் போடுங்க. ஒண்ணாவதா எதப் போடுறீங்களோ அதத்தான் கம்ப்யூட்டர் முதல்ல பார்க்கும். உங்க ரேங்குக்கு அது கிடைச்சா அதோட நின்னுடும். கீழ இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். லாக் பண்ணிட்டா பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது." பிரம்மா என்றதும் அப்பாமார்கள் சிரிப்பார்கள். பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.

வீட்டில் அவள் பெரியவள். தங்கை சின்னவள். எட்டு வயது வித்தியாசம். அம்மா போனபோது சின்னவளுக்குப் பதினொன்று. அதன் பிறகு தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலென்றால் பக்கத்திலேயே கிடந்தது எல்லாம் பெரியவள்தான். அப்பா பேருந்து ஓட்டுநர். வண்டியை எடுத்தால் மூன்றாம் நாள்தான் வீடு. ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்து விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. உடம்பு மட்டும் ஓட்டுநர் உடம்பாகவே இருந்தது. எண்பத்தாறு கிலோ.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. அக்குளுக்குள் கைகொடுத்துப் பெரியவள் தூக்குவாள். முழங்காலுக்குக் கீழே சின்னவள் பிடித்துக்கொள்வாள். "ஒண்ணு, ரெண்டு, ஏலேலோ" என்பாள் சின்னவள். அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணும். அது சிரிப்புதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சின்னவள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிற வேலை. அதற்கிடையே இரண்டு வருடம் படித்தாள். பேருந்தில் படித்தாள், அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கணக்குப் போட்டாள். முதல் வருடம் ரேங்க் எட்டாயிரத்தைத் தாண்டியது. இந்த வருடம் நானூற்றுப் பன்னிரண்டு.

கடற்கரைக் கல்லூரிக்குப் போன வருடம் நானூற்று ஐம்பது வரை கிடைத்திருந்தது. எல்லோரும் வாயைப் பிளக்கும் கல்லூரி. ரயிலில் பதினான்கு மணி நேரம். உள்ளூரிலும் ஒரு கல்லூரி உண்டு. மேம்பாலத்துக்கு அடியில் நான்கு மாடிக் கட்டடம், வீட்டிலிருந்து ஒரே பேருந்து. அதில் படித்தவர்களில் பாதிப்பேர் சின்னவளைப் போலவே எங்கேயோ தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் கடற்கரையை ஒன்றாவதாகவும் மேம்பாலத்தை ஏழாவதாகவும் போட்டாள். ஏழாவதுகூட, அக்கா மனம் கோணக்கூடாதே என்றுதான்.

"நீ போயிட்டா?" என்று பெரியவள் ஒருமுறை பேச்சை எடுத்தாள்.

"போயிட்டா என்ன, ரெண்டே வருஷம். ஒரு ஆள் வச்சுக்கலாம். நான் லீவுக்கு லீவு ஓடி வந்துடுவேன்."

"ஆளெல்லாம் சொன்ன மாதிரி கிடைக்காது."

"கிடைக்கும் அக்கா. நீ எப்பவும் எல்லாத்தையும் தலையில தூக்கிப் போட்டுப்ப."

பேச்சு அத்தோடு நின்றது. தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லப் பெரியவளுக்குத் தெரியாது. பதினான்கு வருடமாக அந்த வீட்டில் பயப்படுகிற வேலை வேறு யாருடையதாகவோ இருந்தது.

வரிசையைப் பூட்டக் கடைசி நாள். அன்று காலை குளியலறையில் அப்பா வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் ஈரத் தரையிலிருந்து அவரை எழுப்ப இருவருக்கும் அரை மணி நேரம் ஆயிற்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அழுதார். பெரியவளின் மணிக்கட்டு பிசகி வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

மதியம் ஒரு மணி தாண்டிப் போன் வந்தது.

"அக்கா, இங்க நெட்டே எடுக்கல. பத்து நிமிஷம்தான் பிரேக். லிஸ்ட்டெல்லாம் நேத்தே சேவ் பண்ணிட்டேன். நீ திறந்து லாக் மட்டும் அமுக்கிடேன். ஓடிபி எனக்கு வரும், சொல்றேன்."

"பாஸ்வேர்டு?"

"உன் பொறந்த நாள்தான். வேற என்ன வைப்பேன்?"

கூடம் காலியாக இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெரியவள் சின்னவளின் பக்கத்தைத் திறந்தாள். பதினொரு கல்லூரிகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. ஏழாவது வரியில் மேம்பாலம். வீங்கிய கையால் சுட்டியை நகர்த்தியபோது வலி முழங்கைவரை ஏறியது. குளியலறைத் தரையும் அப்பாவின் மூடிய கண்களும் நினைவுக்கு வந்தன. இனி அந்தத் தரையில் தான் மட்டும் நிற்கப்போகும் காலைகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். ஓர் ஆண்டில் எத்தனை, இரண்டு ஆண்டில் எத்தனை.

மேல் அம்பை ஒருமுறை அமுக்கினாள். மேம்பாலம் ஆறாவது வரிக்கு வந்தது. சும்மா பார்க்கத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கீழே இறக்க எத்தனை நேரம் ஆகப்போகிறது? ஐந்து, நான்கு, மூன்று. ஒவ்வொரு அமுக்கலிலும் கை தன்னுடையதில்லை போலிருந்தது. இரண்டு. ஒன்று. கடற்கரை இரண்டாவது வரிக்கு இறங்கியது.

"அக்கா, ஓடிபி வந்துடுச்சு. சொல்லவா?" சின்னவளின் குரலில் சிரிப்பு இருந்தது.

"சொல்லு."

ஆறு எண்கள். பெரியவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பூட்டப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

"முடிஞ்சுதா? அப்பாடா! நீ மட்டும் இல்லேன்னா நான் அவ்வளவுதான். பிரிண்ட் ஒண்ணு எடுத்துக்கோ."

"மெஷின்ல பேப்பர் சிக்கிக்கிச்சு. அப்புறம் எடுக்கறேன்."

பொய் தானாக வந்தது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவள் இரண்டு நாள் அழுவாள், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பிறகு பழகிவிடும் என்று கணக்குப் போட்டாள். இந்த வருடம் போட்டி அதிகம், ரேங்க் எட்டவில்லை என்று சொல்லிவிடலாம். மூன்றாம் நாள் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். "ஒதுக்கீட்டு ஆணையில உங்களுக்கு எத்தனாவது விருப்பம் கிடைச்சிருக்குன்னு போட்டிருக்கும்." சொன்ன வாய் அப்படியே நின்றது. அந்தப் பெண், "மேடம், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சின்னவளோ அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். கடற்கரை ஊரில் குளிர் இருக்காதாமே, போர்வை வேண்டாம்தானே என்று கேட்டாள். "வேண்டாம்" என்றாள் பெரியவள்.

ஒதுக்கீடு வந்த நாளன்று கூடம் சந்தைக்கடையாக இருந்தது. பதினொரு மணிக்கு முடிவு வெளியாயிற்று. பதினொன்றரைக்குச் சின்னவள் வாசலில் நின்றாள். கையில் ஒரு தாள், முகமெல்லாம் வேர்வை. அவளுடைய கண்ணில் அழுகை இல்லை, அவசரம்தான் இருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்றபடியே அக்காவைப் பார்த்துக் கையசைத்துக் கத்தினாள்.

"அக்கா! சிஸ்டம் தப்புப் பண்ணிடுச்சு! மேம்பாலத்தக் குடுத்துட்டு அதான் என் ஒண்ணாவது விருப்பம்னு போட்டிருக்கு! நீ வேலையப் பாரு, நான் புகார் மேசைக்குப் போறேன். சரி பண்ணிடுவாங்க இல்ல?"

புகார் மேசை அடுத்த மேசைதான். அங்கே இருந்தவரை எல்லோரும் சீல் சார் என்பார்கள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் படிக்கும் முன்பே முத்திரையைக் கையில் எடுத்துவிடுவார், அதனால் வந்த பெயர். சின்னவளை அவருக்குத் தெரியும். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது பார்த்திருக்கிறார்.

வரிசையில் முன்னால் ஆறு பேர். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் பெரியவள் எழுந்து போயிருக்கலாம், கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய்ச் சொல்லியிருக்கலாம். எதிரே இருந்தவரின் சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சார், நான் கடற்கரைதான் ஒண்ணாவதா போட்டேன். சேவ் பண்ணி நாலு தடவ பார்த்தேன். வேணும்னா எங்க அக்காவக் கேளுங்க, அவதான் லாக் பண்ணினா. அவ கண்ணால பார்த்திருப்பா."

சீல் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் தேடினார். "இரும்மா, எந்த நேரத்துல என்ன மாறிச்சுன்னு எல்லாம் இதுல பதிவாகியிருக்கும். சிஸ்டம் தப்புன்னா தெரிஞ்சிடும்." கொஞ்ச நேரம் படித்தார். முத்திரையைக் கீழே வைத்தார். பெரியவளின் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரையைச் சின்னவளை நோக்கி நகர்த்தினார்.

சின்னவள் குனிந்து வாய்க்குள் படித்தாள். மதியம் ஒன்று பன்னிரண்டு. வரிசை மாற்றம், ஆறு முறை. ஒன்று பதினாலு, பூட்டப்பட்டது. இடம்: மையம் பதினேழு, மேசை நான்கு.

நிமிர்ந்தாள். நாலாம் மேசையின் மேலே தொங்கிய அட்டையைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள். தாளை நான்காக மடித்துக்கொண்டு கூடத்தைவிட்டு வெளியேறினாள்.

பெரியவள் பின்னாலேயே ஓடினாள். தாழ்வாரத்தில், தண்ணீர் டிரம் பக்கத்தில் சின்னவள் நின்றிருந்தாள்.

"இல்லன்னு சொல்லு. கை தவறிடுச்சுன்னு சொல்லு, நம்பறேன்."

பெரியவள் தலை குனிந்தாள்.

"ஆறு தடவ எப்படிக் கை தவறும்?" என்று சின்னவளே சொல்லிக்கொண்டாள். "ஏன் அக்கா?"

"அப்பாவ ஒத்தையாத் தூக்க முடியாதுடி. அன்னிக்குக் காலையில பார்த்தே இல்ல? எனக்குப் பயமா இருந்துச்சு."

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னாலும் நீ போயிருப்ப."

"தெரியல. போயிருப்பேனோ, இருந்திருப்பேனோ. அத யோசிக்கறது என் வேல. அதையும் நீயே பார்த்துட்ட." சின்னவளின் குரல் உயரவே இல்லை. "நான் சிரிச்சிக்கிட்டே நம்பர் சொன்னேன். ஒவ்வொரு நம்பரா. அப்பவும் உனக்கு ஒண்ணும் தோணலயா?"

பெரியவள் அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். சின்னவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள், அவ்வளவுதான்.

அன்று மதியமே பெரியவள் ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூத்த பேராசிரியை. யாரிடமும் கடிந்து பேசாதவர். சின்னவளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தப்பு என்னோடது மேடம். என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. அவ சீட்ட மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

"எப்படிம்மா மாத்தறது? நீயே அஞ்சு வருஷமா இங்க இருக்கே. கடற்கரையில கடைசி சீட்டு காலையிலயே ஒரு பொண்ணுக்குப் போயிடுச்சு. அவ ரேங்க் நானூத்து அறுபத்தொண்ணு. அவ என்ன தப்புப் பண்ணினா? அவள எழுப்பிட்டு இவள உட்கார வைக்கச் சொல்றியா?"

"ரெண்டாவது சுத்துல..."

பேராசிரியை அவளையே பார்த்தார். ஒன்றாவது விருப்பம் கிடைத்தவருக்கு இரண்டாவது சுற்றே கிடையாது. இந்தப் பாட்டை அந்த ஊருக்கே பாடியவள் பெரியவள்தான்.

"ஓடிபிய இவளே குடுத்திருக்கா. விதிப்படி இது இவளே பூட்டின மாதிரிதான்," என்றார் பேராசிரியை. பிறகு சின்னவளிடம் திரும்பினார். "உங்க அக்கா மேல போலீசுல புகார் குடுக்க உனக்கு உரிமை இருக்கும்மா. குடுக்கறதா இருந்தா இந்தப் பதிவ நான் தர்றேன். தடுக்க மாட்டேன்."

சின்னவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வேண்டாம் மேடம். அப்பாவப் பார்க்க வீட்டுல ஒரு ஆள் வேணும்."

பெரியவளின் ஒப்பந்தம் அன்று மாலையே ரத்தாயிற்று. அடையாள அட்டையைச் சீல் சார் வாங்கி வைத்துக்கொண்டார். "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

மேம்பாலத்தில் போய்ச் சேர மூன்று நாள் கெடு. மூன்று நாளும் சின்னவள் வேலைக்குப் போய்வந்தாள், வேளைக்கு வந்து அப்பாவின் கால்களைப் பிடித்தாள். ஏலேலோ இல்லை. அப்பா இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கெடு முடிந்த மாலை ஐந்து மணிக்குச் சின்னவள் மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடமும் போயிற்று.

"அதையாவது எடுத்துக்கோயேன்" என்று முந்தின இரவு பெரியவள் படிக்கட்டில் நின்று கெஞ்சியிருந்தாள்.

"அது நீ போட்ட விருப்பம். நீயே போய்ப் படி."

அந்த மாதக் கடைசியில், நிறுவனத்தின் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள். கிளம்பும்போது அவர் இடது கையால் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பெரியவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் அதையும் மீறிக் கேட்டது.

முதல் இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கைகொடுத்தார். மூன்றாம் நாள் அவர் ஊரில் இல்லை. பெரியவள் தனியாகத் தூக்கப் பார்த்து அப்பாவோடு சேர்ந்து தானும் கட்டிலோரமாகச் சரிந்தாள். மறுநாள் அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவில் போய் நின்றாள். அங்கிருந்த பெண்மணி ஒரு அகலமான துணிப் பட்டையை எடுத்து வந்தாள். "இத அவர் இடுப்புல கட்டுங்க. உங்க முழங்கால அவரோட முழங்காலுக்கு முட்டுக் குடுங்க. இழுக்காதீங்க, நீங்க பின்னால சாயுங்க, அவர் தானா எழுந்திருப்பார்." தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய வார்டு உதவியாளரை உட்கார வைத்து எழுப்பிக் காட்டினாள். பிறகு பெரியவளையே செய்ய வைத்தாள். மூன்றாவது முறையில் அவளுக்கே வந்துவிட்டது.

"பத்து நிமிஷத்துல பிடிச்சுட்டீங்களே. முன்னாடியே வந்திருக்கலாம்ல?" என்றாள் அந்தப் பெண்மணி, பாராட்டாகத்தான்.

பெரியவள் பட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. டோக்கன் கொடுக்கும் ஆள் வந்து, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வருடம் முழுக்க அவள் நகல் எடுக்கும் கடை ஒன்றில் வேலைக்கு நின்றாள். சின்னவளிடமிருந்து அப்பாவின் மருந்துச்சீட்டைப் பற்றி மட்டும் குறுஞ்செய்தி வரும். மாத்திரை மாறியதா, ரத்த அழுத்தம் எவ்வளவு. அதற்கு மேல் பெரியவள் எழுதினால் பதில் வராது. ஒருமுறை பட்டையைப் பற்றி எழுதத் தொடங்கினாள். பாதியில் அழித்துவிட்டாள்.

அடுத்த வருடத் தேர்வு முடிவு வந்தபோது கடைக்குப் பிள்ளைகள் சான்றிதழ்களோடு வரத் தொடங்கினார்கள். கூட்டம் குறைந்த ஒரு மதியம் கடைக் கணினியில் ரேங்க் பட்டியலைத் திறந்து தங்கையின் பெயரைத் தேடினாள். இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று. அந்த எண்ணுக்கு எதெல்லாம் கிடைக்கும், எதெல்லாம் கிடைக்காது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. மேம்பாலமே இழுபறிதான்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை.

"அலமாரியில நடுத்தட்டுல என் ஒரிஜினல் சர்டிபிகேட் ஃபைல் இருக்கும். சரிபார்ப்புக்கு வேணும். அனுப்பிடு."

"அனுப்பறேன். இன்னிக்கே அனுப்பறேன். நல்லா இருக்கியா?"

"ம்."

"சாப்பாடெல்லாம்..."

"அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார். பக்கத்துலதான் இருக்கார், காதுல வைக்கட்டுமா?"

வைத்தாள். சின்னவள் என்ன பேசினாளோ, அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துவிட்டுப் பெரியவள் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"வரிசை போடறதுல ஏதாவது சந்தேகம்னா கேளு. இந்த ரேங்குக்கு எத முன்னால போடணும்னு..." வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"அட்ரஸ் மெசேஜ்ல வரும்" என்றாள் சின்னவள். போன் நின்றது.

வந்த முகவரி நிறுவனத்தின் அலுவலக முகவரி. எந்தத் தெருவில், யாரோடு, எப்படிப்பட்ட அறையில் இருக்கிறாள் என்று பெரியவளுக்கு இன்னும் தெரியாது. சான்றிதழ்கள் மடங்காமலிருக்க இருபுறமும் அட்டை வைத்துக் கட்டினாள். கூரியர் கடைக்குக் கொண்டுபோனாள். கவுண்டரில் இருந்தவர் எடை பார்த்தார், அனுப்புநர் பெறுநருக்கு என்ன உறவு என்று படிவத்துக்காகக் கேட்டார்.

"அக்கா" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும் நேரம் ஆகிவிட்டிருந்தது. பெரியவள் வேகமாக நடந்தாள்.